வாயைத் திறக்கக் கூடாது

வலது பக்கம்மா, வலது பக்கம். சோறு திங்கிற கைப் பக்கம். அந்த அம்புக்குறிய ஒரு அமுக்கு அமுக்கினா கொடம் நகந்துரும், இதவிட லேசான வேலை ஒலகத்துல கிடையாது. ஆனா சொல்லக் கூடாது. தும்மலாம், இருமலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. கோயம்புத்தூர்ல இருந்து வந்த மெயில்ல அப்படித்தான் போட்டிருக்கு. இதுக்கு முன்னால கேமே விளையாடாத ஒரு ஆளு உங்க கேம்ல முதல் கட்டத்த விளையாடி முடிக்கணும், அத வெட்டாம ஒட்டாம வீடியோ எடுத்து அனுப்பணும், கேம் செஞ்சவங்க பக்கத்துல இருக்கலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான் டயம். பத்து நாள் பட்டறை, நெசமாவே கேம் செய்யிற ஆளுங்க வந்து சொல்லிக் குடுப்பாங்களாம், தமிழ்நாடு பூராவுக்கும் இருபது பேருக்குத்தான் எடம். அந்த இருபதுல ஒண்ணு எனக்கு வேணும். இட்லிப் பானை மேல சாத்தி வச்ச போன்ல செவப்புப் புள்ளி மினுங்குது, அம்மா சேலைத் தலைப்புல கையத் தொடைச்சிக்கிட்டு லேப்டாப்ப மாதா படத்தப் பாக்க மாதிரி பாக்கா. தொட மாட்டுக்கா. இறால் கம்பெனியில ஐசுக்குள்ள கைய விட்டு விட்டு அவ வெரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு, தொட்டா தொட்ட மாதிரியே தெரியாதுன்னு சொல்லுவா, அதான் பயம் போல, ஒடைஞ்சிரும்னு. ஒடையாதும்மா, அமுக்கு. "ஏட்டி அக்ஸி, இது நம்ம தெருக் குழாய்லா?" அப்படிங்கா. ஆமா நம்ம தெருக் குழாய்தான், அந்த ஒடைஞ்ச சிமிண்டு மேடை கூட அப்படியே வரைஞ்சிருக்கேன், கண்டுபிடிச்சிட்டே, சந்தோசம், இப்ப அமுக்கு. நான் பல்லக் கடிச்சிக்கிட்டு சொவத்தப் பாக்கேன். "என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?" அப்படிங்கா.

அமுக்கிட்டா. கொடம் நகந்துட்டு. மாதாவே ஸ்தோத்திரம். அந்த ஒரு கொடம் நகரதுக்கு நான் பட்ட பாடு இவளுக்கு எங்க தெரியப் போவுது. லீவு விட்ட அன்னைக்கு ஆரம்பிச்சேன், மாமா மகன் தூக்கிப் போட வச்சிருந்த லேப்டாப்ப வாங்கிக்கிட்டு வந்து, வெள்ளக்காரன் ஒருத்தன் வீடியோவ வேகத்தக் கொறைச்சு வச்சு, கொறைச்சா அவன் குடிகாரன் மாதிரி கொழறுவான், கூட்டினா ஒண்ணும் வெளங்காது, ஒவ்வொரு வரிக்கும் ஈசி ஈசிங்கான், மூதி, ஈசின்னா நீ எதுக்குல ஒண்ணேமுக்கா மணி நேரம் பேசுத. நான் மொதல்ல வரைஞ்ச கொடம் தரையில நிக்கவே இல்ல. தரைக்குள்ள புகுந்து கீழ போயி ஸ்கிரீன விட்டே போயிட்டு. திரும்பப் போட்டேன், திரும்பப் போயிட்டு. ரெண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் புரிஞ்சிது, தரைன்னு ஒரு கோடு வரைஞ்சா போதாது, இது தரை, இதுக்குள்ள யாரும் எறங்கக் கூடாதுன்னு தனியாச் சொல்லணும். கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் சொல்லணும், சொல்லாத எதுவும் அதுக்குத் தெரியாது, பாத்துத் தெரிஞ்சிக்கிடுற புத்தி சுத்தமாக் கிடையாது. லீவுக்கு முன்னாலயே ஸ்கூல்ல கம்ப்யூட்டர் மிஸ்கிட்ட கேட்டதுக்கு, கேம் செய்யதெல்லாம் ஒரு படிப்பாட்டி, டைப்பிங் போன்னுட்டாங்க. பக்கத்துத் தெரு டென்சிகிட்ட விளையாடக் குடுத்தேன், அவ நாள் பூரா போன்ல சுட்டுத் தள்ளுறவ, ஒரு மூச்சுல முடிச்சிட்டு, நல்லாருக்குட்டி, கொஞ்சம் மொக்கை, அப்படின்னுட்டுப் போயிட்டா. கொஞ்சம் மொக்கையாம். ஆளு வரையத் தெரியாது எனக்கு, அதனால கொடம் மட்டும்தான் வரிசையில நிக்கும். அதுல என்ன தப்பு, எங்க தெருவுலயும் அப்படித்தான். ஆளு வீட்டுல சோறு பொங்கிக்கிட்டு இருக்கும், கொடம் வரிசையில நிக்கும், கொடத்தோட நிறத்த வச்சே இது இன்னார்னு சொல்லிருவாங்க. செவப்பு நாங்க. முன்னால நகரணும்னா வலது அம்பு. எவளாவது எடையில புகுந்தா கீபோர்டுல கீழ இருக்க நீளக் கட்டைய அமுக்கணும், என் கொடம் ஒரு துள்ளு துள்ளி வழிய மறிக்கும், வந்தவ திரும்பிப் போயிருவா. மூணு பேர் புகுந்துட்டா நம்ம மொறை வரதுக்குள்ள தண்ணி நின்னுரும். அவ்வளவுதான் கேம், பச்சப்புள்ளைக்குக் கூட வெளங்கும்.

இப்ப வாரா பாரு, மொதல் எதிரி. மஞ்சக் கொடம், தலகீழா, வாய் தரையப் பாக்க கமுந்து வருது. எதிரியப் பாத்த ஒடனே எதிரின்னு தெரியணும், எழுத்து எதுவும் போடக் கூடாது, பாத்ததும் பதறணும், அப்படின்னு வெள்ளக்காரன் சொன்னான். நான் யோசிக்கவே இல்ல, கொடத்தத் தலகீழாக் கமுத்திட்டேன். அமுக்கும்மா. நீளக் கட்டை. பெரிசா இருக்குல்லா, கண்ணுக்கு முன்னாலதான கெடக்கு, இதுக்கு முன்னாலதான கேம் ஆரம்பத்துல படம் போட்டுக் காட்டுச்சு, நீளக் கட்டைய அமுக்கினா துள்ளும்னு, தலைய ஆட்டினியே. அம்மா வெரல் கட்டைக்குப் போகல. இடது பக்க அம்புக்குப் போவுது. ஏன்? இடது அம்புக்கு நான் ஒரு வேலையும் குடுக்கல, வலதுன்னு ஒண்ணு இருந்தா இடதுன்னு ஒண்ணு இருக்கட்டும்னு அந்தாளு வீடியோவுல இருந்தத அப்படியே விட்டு வச்சிருந்தேன். அம்மா அத அமுக்கி கொடத்தப் பின்னால இழுக்கா. எடம் விடுதா. கமுந்த மஞ்சக் கொடம் சொகமா முன்னால போயி நிக்கி. ஏம்மா! அடுத்து பச்சைக் கொடம், அதுவும் கமுந்து. அதுக்கும் ஒதுங்குதா. அதுக்கடுத்து நீலம், அதுக்கும் ராஜமரியாதை. கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்புடுற மாதிரி ஒவ்வொண்ணையும் உள்ள விடுதா. குழாய் கர்ருங்கு, காத்து மட்டும் வருது, அது தண்ணியே வராத நம்ம அடுக்களைக் குழாய்லயே போன வச்சு எடுத்த சத்தம், அதுல மட்டும் எனக்கு ஒரு பெருமை. செவப்பு எழுத்து வந்துட்டு: தோத்துட்டே! அம்மா அதப் படிச்சிட்டு "ம்ச்" அப்படின்னு உச்சுக் கொட்டுதா. திரும்ப ஆரம்பிக்கிது. பரவால்ல, தோத்தா திரும்ப விளையாடலாம், விதியில அதுக்கு எடம் இருக்கு, வீடியோ ஓடட்டும். இந்தத் தடவ அமுக்கிருவா.

அமுக்க மாட்டா, எனக்குத் தெரியும். இவ இப்படித்தான். நெசத்துலயும் இப்படித்தான். விடியக்காலம் குழாயடிக்குப் போறவ பாதி நாள் அரைக் கொடத்தோட வருவா, சில நாள் வெறுங் கொடத்தோட வருவா. என்னம்மான்னா, நின்னுட்டும்பா. மத்தவளுக்கெல்லாம் கிடைச்சிதுல்லா, உனக்கு மட்டும் எப்படி நிக்கும்? வரிசையில மொத ஆளாத்தான கொடம் வச்சே? எவளையாவது உள்ள விட்டுட்டு வந்துருப்பே, ஊமைக்கோட்டான், ஒனக்கெல்லாம் இந்த ஊர்ல ஒரு சொட்டு கிடைக்காது, அப்படின்னு போன மாசம் கத்தினேன். அவ வெறுங் கொடத்த மூலையில வச்சிட்டுக் கம்பெனிக்குப் போயிட்டா. அந்தக் கடுப்புலதான் இந்தக் கேமே. அன்னைக்கு ஸ்கூலுக்குப் போற வழியில தோணுச்சு, எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு வழி மறிக்கச் சொல்லிக் குடுக்க ஒரு கேம் செய்யணும்னு. இப்ப அவளே உக்காந்து விளையாடுதா, என் கேம்ல கூட மறிக்க மாட்டுக்கா. அப்படின்னா நீயே போய்த் தண்ணி எடுக்க வேண்டியதானட்டின்னு ஒரு நாள் கூட அவ கேட்டதில்ல. கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன். நான் குழாயடிக்குப் போயி ஆறு வருசம் ஆச்சு. அப்பா செத்த அன்னைக்குப் போனதோட சரி.

அன்னைக்கு வீடு பூரா ஆளு. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கல, அவ்வளவுதான் எனக்குச் சொன்னாங்க. நடு வீட்டுல அப்பா, வாசல்ல பந்தல், வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. அன்னைக்குன்னு பாத்து குழாய்ல தண்ணி விட்டிருந்தாங்க. பக்கத்து வீட்டு லீமாக்கா எங்க செவப்புக் கொடத்த இடுப்புல எடுத்துக்கிட்டு என்னையவும் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா, புள்ள இங்கன நிக்க வேண்டாம்னு. லீமாக்கா வாயி தெருவுக்கே தெரியும், அவகிட்ட சண்டைக்கு நின்னு ஜெயிச்ச ஆளு கிடையாது. வரிசை நீளமா இருந்துச்சு. அக்கா எங்க கொடத்த வரிசைக் கடைசியில கொண்டு போய் டங்குன்னு கமுத்தி வச்சா. ஒண்ணும் சொல்லல. அப்படியே நின்னா. ஒடனே எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, பாத்துட்டு ஒடனே வேற பக்கம் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு கொடமா நகர ஆரம்பிச்சிது. சிமிண்டுத் தரையில பிளாஸ்டிக் கொடம் ஒரசுற சத்தம், சர்ரு சர்ருன்னு, ஒருத்தி கால வச்சே தள்ளினா, ஒருத்தி ரெண்டு கையாலயும் தூக்கி வச்சா. வழி வந்துட்டு. லீமாக்கா நேரா குழாய்க்குப் போனா. எனக்கு மொகம் பூரா எரிஞ்சிது. பயந்துட்டாங்க, லீமாக்கா வாய்க்குப் பயந்துக்கிட்டு விட்டுட்டாங்க, அப்பா செத்த அன்னைக்குக் கூட நாங்க அடுத்தவங்க மொறையத் திருடுதோம், அதான் யாரும் என் மொகத்தப் பாக்க மாட்டுக்காங்கன்னு நெனச்சேன். எங்க கொடம் நெறையவும் தண்ணி நின்னுட்டு. எங்களுக்குப் பின்னால ரெண்டு கொடம் வச்சிருந்த ஒருத்தி ரெண்டையும் காலியாத் தூக்கிக்கிட்டுப் போனா. போகும்போது என்னைய மட்டும் பாத்தா. அந்தப் பார்வை இன்னைக்கும் முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கப்புறம் குழாயடிக்குப் போன்னு யாராவது சொன்னா வயித்து வலின்னு படுத்துக்கிடுவேன். கமுத்தின கொடம்னா எனக்கு அதுதான். வரிசைய ஒடைச்சிக்கிட்டுப் போறவ. அடாவடி. கேம்ல எதிரி வேணும்னதும் வேற எத வரைவேன்.

மூணாந் தடவ. நாலாந் தடவயா? எண்ணுறத விட்டுட்டேன். அம்மாவுக்கு இப்ப கை நல்லாப் பழகிட்டு, வலது அம்ப டக்கு டக்குன்னு அமுக்குதா, முன்னால எடம் விழுந்த ஒடனே நகத்துதா, பயம் இல்ல, சந்தேகமே இல்ல, கெட்டிக்காரியா விளையாடுதா. நேரா நிமிந்த கொடம் ஒண்ணு பக்கத்துல ஒட்டிக்கிட்டு நின்னப்ப, அது சும்மா அழகுக்கு வச்சது, அதப் போயி நீளக் கட்டைய அமுக்கி முட்டித் தள்ளினா! மறிக்கத் தெரியிது. கட்டை எங்க இருக்குன்னு தெரியிது. அப்ப தெரியாம இல்ல, வேணும்னே விடுதா. கமுந்த கொடம் வந்தா மட்டும் கை இடது பக்கம் போவுது. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது, கோவத்துல. ஆறு மணியாகப் போவுது, ஞாயித்துக்கெழமை சாயங்காலப் பூசைக்கு மொத மணி அடிச்சிட்டு, இவ பூசைக்குப் போகணும்பா. இருபது எடம். இன்னேரம் சென்னையில எவனோ ஒருத்தன் தன்னோட படிச்ச அம்மாவ வச்சு வீடியோ எடுத்து அனுப்பிட்டுக் காப்பி குடிச்சிக்கிட்டு இருப்பான். ஆண்டவரே, என்னைய ஏன் இவகிட்ட வந்து பெறக்க வச்சே. அப்படி நெனைக்கக் கூடாது. நெனச்சிட்டேன். அமுக்கும்மா, ஒரே ஒருக்க, எனக்காக. நான் தொண்டையக் கனைக்கேன். அது பேச்சில்ல. லேப்டாப் இருக்க ஸ்டூல லேசா ஒதைக்கேன். அதுவும் பேச்சில்ல. குழாய் கர்ருங்கு. தோத்துட்டே! அம்மா நாற்காலியில சாஞ்சிக்கிட்டு, போனையும் பாக்காம என்னையும் பாக்காம, அந்தக் கொடத்தையே பாத்துக்கிட்டு கேக்கா.

"ஏட்டி, இந்தத் தெருவுல கொள்ள நோய் எதுவும் வந்துட்டா? ஒரே நாள்ல மூணு வீட்டுலயா சாவு விழும்?"

"என்னது?" அப்படின்னுட்டேன். போச்சு. வாயைத் திறந்துட்டேன். வீடியோ போச்சு. ஆனா அம்மா என்ன சொன்னா. "என்ன சாவு? யாரு செத்தா?" "நீதான வரைஞ்சிருக்கே. மூணு கொடமும் கமுந்துல்லா வருது." "கமுந்து வந்தா?" அம்மா என்னைய, இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இது தெரியாதாங்கிற மாதிரி பாக்கா. "எழவு வீட்டுக் கொடத்த வேற எப்படி வைப்பாவ? கமுத்தி வச்சா வழி விட்டுரணும். கேக்கக் கூடாது." "எனக்கு யாரும் சொல்லல." "அத யாரும் சொல்ல மாட்டாவ. சொல்ல வேண்டாம்னுதான கமுத்தி வைக்கது. வீட்டுல பொணத்த வச்சிட்டு வாறவ, வரிசையில நிக்க ஒவ்வொருத்திகிட்டயும் எங்க வீட்டுல இப்படி ஆயிட்டுன்னு சொல்லிக்கிட்டா இருப்பா?" நான் கேட்டேன். "அப்பா செத்த அன்னைக்கு லீமாக்கா சண்ட போட்டுத்தான முன்னால போனா?" "லீமாவா? அன்னைக்கு அவ வாயே திறக்கலன்னுல்லா எல்லாரும் சொன்னாவ." ஆமா. திறக்கல. நான் பக்கத்துலதான நின்னேன். ஒரு வார்த்தை பேசல, அது எனக்குத் தெரியும், ஆறு வருசமாத் தெரியும், தெரிஞ்சிக்கிட்டேதான் சண்டைன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கேன். மொகத்தப் பாக்காம திரும்பிக்கிட்டாங்களே, அது. ரெண்டு வெறுங் கொடத்தோட போனவ என்னையப் பாத்தாளே, அது. முதுகுல ஒட்டினது இப்ப நெஞ்சுக்குள்ள வந்து வலிக்கிது. "போன மாசம் வெறுங் கொடத்தோட வந்தியே, அது?" "அது பின் தெரு சூசை வீட்டுல. கைப்பிள்ள." அவ்வளவுதான் சொன்னா. "நான் அன்னைக்குக் கத்தினேன்லா." "கத்தினே." "சொல்லிருக்கலாம்லாம்மா." "சொல்லி?" அப்படின்னுட்டு சேலைத் தலைப்ப ஒதறிச் சொருகிக்கிட்டா. "அது கெடக்கட்டும். எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கே, தோத்துட்டேன்னு எதுக்குட்டி எழுதி வச்சிருக்கே? நான் என்னத்தத் தோத்தேன்?"

அழுவணும் போல இருக்கு, ஆனா அழுவ நேரமில்ல. லேப்டாப்ப இழுத்து மடியில வச்சிக்கிட்டேன். கமுத்தின கொடத்த நிமித்தி வச்சா போதும், நெத்தியில செவப்பா ஒரு கோடு போட்டா எதிரி ஆயிரும், அம்மா டங்கு டங்குன்னு மறிச்சிருவா, கை பழகிட்டுல்லா, ஒரே தடவையில முடிச்சிருவா. ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான். கை அதுக்குத்தான் போச்சு. போயி அந்த வரி மேல நின்னுட்டு. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்த அப்பா. சர்ரு சர்ருன்னு நகந்த கொடம். நிமித்தினா அந்தச் சத்தத்துக்கெல்லாம் அர்த்தமில்லாமப் போயிரும். சவம், நான் எதுக்கு இப்படி யோசிக்கேன், எனக்கு எடம் வேணும்லா, பத்து நாள் பட்டறை வேணும்லா. வேணும். கீழ எறங்கிப் போனேன், தோத்துட்டேங்கிற வரி இருக்க எடத்துக்கு. அழிச்சேன். ஜெயிச்சா செவப்புக் கொடம் வீட்டுக்கு நடந்து போகும், கதவு திறக்கும், முதல் கட்டம் முடிஞ்சதுன்னு வரும், அத ஏற்கெனவே செஞ்சு வச்சிருந்தேன். தண்ணி நின்னாலும் அதே மாதிரி வீட்டுக்குப் போன்னு எழுதினேன். கொடம் நெறைஞ்சிருந்தாலும் போ, வெறுங் கொடமா இருந்தாலும் போ. கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் சொல்லணும்லா, சொல்லிட்டேன். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இது வெளங்குமா? வெளங்காது. எதிரி எங்க, தோக்கவே முடியாதுன்னா இதுல என்ன கேம் இருக்கு, இந்தம்மா ஏன் எல்லாத்துக்கும் ஒதுங்குதுன்னு கேப்பாங்க. பக்கத்துல நின்னு வெளக்கம் சொல்ல எனக்கு வழி கிடையாது. அந்த இருபது பேர்ல நான் இல்லாமப் போகலாம், அநேகமா இருக்க மாட்டேன், அத நெனச்சா இப்பவும் ஆத்திரம் ஆத்திரமா வருது. வரட்டும். பழைய வீடியோவ அழிச்சிட்டு, போன இட்லிப் பானை மேல திரும்பச் சாத்தினேன். "அம்மா, இன்னும் ஒரே ஒருக்க." "பூசைக்கு நேரமாச்சுட்டி." "ஒரே ஒருக்கம்மா." உக்காந்தா. செவப்புப் புள்ளி மினுங்குது. வலது அம்ப அமுக்குதா, டக்கு டக்கு. மஞ்சக் கொடம் கமுந்து வருது. அம்மா கொடத்தப் பின்னால இழுத்து எடம் விடுதா. பச்சை வருது. ஒதுங்குதா. நான் இந்தத் தடவ கையக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கேன், ஸ்டூல ஒதைக்கல. நீலம் வருது, அதுக்கும் எடம். குழாய் கர்ருன்னு காத்து விடுது. செவப்புக் கொடம் காலியாத் திரும்பி மெதுவா வீட்டப் பாத்து நடக்குது, நான் வச்ச நடைதான், லேசா ஆடி ஆடிப் போவுது. கதவு திறக்குது. அம்மா திரும்பி என்னையப் பாக்கா.

"முடிஞ்சிட்டாட்டி?"

போன் ஓடிக்கிட்டு இருக்கு. நான் வாயைத் திறக்கல. தலைய மட்டும் ஆட்டினேன்.